‘தொட்டுப் பார்க்கும் மிஷின்’ முகாமுக்கு இளம்பெண்கள் போகலாமா?

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 31 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்கள் மகளிர் குழு மூலமாக அடுத்த மாதம் மார்பகப் புற்றுநோய் முகாம் நடக்கப்போகிறது. கையடக்கக் கருவி ஒன்றை மார்பில் வைத்து அழுத்திப் பார்ப்பார்களாம். கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, இளம்பெண்களுக்கு மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமைவிட இதுவே நல்லது என்று குழுவில் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய அம்மாவுக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். தங்கைக்கு 27 வயது, ஏழு மாதக் கைக்குழந்தை. தங்கையின் இடது மார்பில் மூன்று வாரமாக ஒரு கட்டி. பால் கட்டிக்கொண்டிருக்கிறது என்று மாமியார் சொல்கிறார். இரண்டு பேரும் முகாமுக்குப் போனால் போதுமா, அந்தக் கருவியை நம்பலாமா என்பதுதான் கேள்வி.

நான் அறுவை சிகிச்சை மருத்துவர். டெல்டாவில் இருந்துகொண்டு மார்புக் கட்டியோடு வரும் பெண்களைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். கருவியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு முன் உங்கள் தங்கை.

அவர் முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர் மருத்துவக் கல்லூரி, எது உங்களுக்குப் பேருந்து வசதியோ அங்கே போங்கள். பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. பால் கொடுக்கும் பெண்ணின் மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணமானவைதான்: பால் தேங்கிய கட்டி, பால்சுரப்பிக் கட்டி, சீழ்க்கட்டி. ஆனால் பால் கட்டியிருந்தால் குழந்தை நன்றாக உறிஞ்சியதும், வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததும், ஓரிரு நாளில் கரைய வேண்டும். சீழ் என்றால் காய்ச்சல், சிவப்பு, தொடவே முடியாத வலி இருக்கும். இவை எதுவும் இல்லாமல் இரண்டு வாரம் தாண்டியும் அதே இடத்தில் அப்படியே இருக்கும் கட்டியை, வயது என்னவாக இருந்தாலும், ஸ்கேன் பார்க்காமல் ‘பால்கட்டு’ என்று முடிவுகட்டக் கூடாது. உங்கள் தங்கைக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. கூடவே அம்மாவின் வரலாறும் இருக்கிறது.

ஸ்கேனுக்குக் கிளம்பும் முன், அல்லது அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து, குழந்தைக்கு அந்த மார்பில் பால் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பால் வடிந்த மார்பில் படம் தெளிவாக விழும். ஸ்கேனால் பாலுக்கோ குழந்தைக்கோ எந்தக் கெடுதலும் இல்லை. தாய்ப்பாலை நிறுத்தவும் தேவையில்லை. மரத்துப்போக ஊசி போட்டுச் சதைத்துணுக்கு எடுக்கும் பயாப்சி தேவை என்று சொன்னால் அதையும் தள்ளிப்போட வேண்டாம். பால் கொடுப்பவர்களுக்கு ஊசி போட்ட வழியில் சில நாள் பால் கசிய வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். ‘ஊசி பட்டால் பரவிவிடும்’ என்று ஊரில் யாராவது சொல்வார்கள். பயாப்சி எடுத்ததால் நோயாளியின் நிலைமை மோசமாகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. எடுக்காமல் விட்டதால் மோசமானவர்களை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் ஓ.பி.யில் வந்து நிற்கும் இளம் தாய்மார்களின் கதை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். முதலில் பால்கட்டு என்று ஒத்தடம். அப்புறம் மருந்துக்கடையில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக். கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். மறுபடி ஐந்து நாள். குழந்தை சோறு தின்ன ஆரம்பித்த பிறகுதான், பால் நின்றும் கட்டி நிற்கவில்லையே என்று சந்தேகம் வரும். அதற்குள் அக்குளில் நெறி கட்டியிருக்கும்.

இனி அந்தக் கருவி.

நம் கை எதைக் கண்டுபிடிக்கிறதோ அதையேதான் இந்தக் கருவியும் தேடுகிறது: கடினத்தை. புற்றுக்கட்டி வளரும்போது தன்னைச் சுற்றிக் கொலாஜன் நார்களைக் கட்டிக்கொண்டே வளர்கிறது. அதனால் சுற்றியுள்ள கொழுப்பையும் சுரப்பித் திசுவையும்விட அது பல மடங்கு கெட்டியாகிவிடுகிறது. மெத்தைக்கு அடியில் கிடக்கும் புளியங்கொட்டையை உள்ளங்கையால் அழுத்தித் தேடுவது போன்ற வேலை இது. கை சொல்வது ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்பதை மட்டும். கருவி அதையே எண்ணாக்கிப் படமாக்கித் தருகிறது.

இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அழுத்தமானிகளை வரிசையாகப் பதித்த ஒரு பரப்பை மார்பில் அழுத்துவது. அடியில் கெட்டியான பொருள் இருக்கும் இடத்தில் எதிர்த்து வரும் அழுத்தம் கூடும், அதை வைத்து ஒரு வரைபடம் வரையப்படும். இன்னொன்று பீசோ மின்சாரத்தைப் பயன்படுத்துவது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அவை வளையும் என்பதையும் அடுத்த ஆண்டே சோதித்து உறுதிசெய்தார்கள். நம் வீட்டு அடுப்புக்கான கேஸ் லைட்டர் ‘டிக்’ என்று பொறி தட்டுவது அதனால்தான். ஸ்கேன் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் புரோப் ஒலி எழுப்புவதும் அதே தத்துவத்தில்தான். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் இதை வைத்து ‘பீசோ விரல்’ ஒன்றைச் செய்தார்கள். விரல்போல நீண்ட மெல்லிய பட்டை. அதன் ஓர் அடுக்குக்கு மின்சாரம் கொடுத்தால் பட்டை வளைந்து திசுவை லேசாக அழுத்தும். எவ்வளவு வளைந்தது என்பதை இன்னொரு அடுக்கு மின்சாரமாகத் திருப்பிச் சொல்லும். மென்மையான இடத்தில் நன்றாக வளையும், கெட்டியான இடத்தில் வளைய மறுக்கும். இந்த விரல்கள் பலவற்றைச் சேர்த்துக் கையில் பிடிக்கும் கருவியாக்கியதுதான் ‘ஐபிரெஸ்ட்எக்ஸாம்’. யூஇ லைஃப்சயின்சஸ் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. 2015-இல் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் அனுமதி பெற்றது. மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கருவியை மார்பில் இடம் இடமாக வைத்து எடுப்பார்கள். செல்போன் திரையில் மார்பின் படம் வரும், கடினம் வேறுபட்ட இடம் மட்டும் நிறம் மாறித் தெரியும். சில நிமிட வேலை.

கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை என்பது இரண்டும் உண்மை. செவிலியரே இயக்கலாம் என்பதும் உண்மை. ‘மேமோகிராமைவிட நல்லது’ என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. அழுத்த வரைபடம் எடுக்கும் கருவிகளுக்கென்று எஃப்.டி.ஏ. விதிகளில் ஒரு தனி வகையே இருக்கிறது. மருத்துவர் கையால் பரிசோதித்துக் கண்ட கட்டியைப் பதிவு செய்துவைக்க உதவும் சாதனம் என்பதுதான் அந்த வகையின் வரையறை. மேமோகிராமின் இடத்தில் உட்காரவைக்கும் வகை அது கிடையாது.

இளம்பெண்களுக்கு மேமோகிராம் சரிப்படாது என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், அதிலும் ஒரு நிஜம் இருக்கிறது. இளம் வயதில் மார்பில் கொழுப்பு குறைவு, சுரப்பித் திசுவும் நாரும் அதிகம். எக்ஸ்ரே படத்தில் அந்தத் திசு வெள்ளையாக விழும், புற்றுக்கட்டியும் வெள்ளையாகவே விழும். அதனால் கட்டி மறைந்துபோகும் வாய்ப்பு அதிகம். எந்தத் தொந்தரவும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் வராத 30 வயதுப் பெண்ணுக்கு உலகில் எங்கேயும் வழக்கமாக மேமோகிராம் எடுக்கச் சொல்வதில்லை. அமெரிக்கப் பரிந்துரையிலேயே 40 வயதில்தான் தொடங்குகிறது. 30-க்குக் கீழே கட்டி இருந்தால் முதலில் எடுப்பது அல்ட்ராசவுண்ட். ஆகவே இளம்பெண்களுக்கு ஒரு வெற்றிடம் இருப்பது உண்மை. அந்த இடத்தை இந்தக் கருவி நிரப்பிவிடும் என்று சொல்வதற்குத்தான் இன்னும் ஆதாரம் வரவில்லை.

ஏன் என்றால், இளம் மார்பு படத்துக்கு மட்டும் சிக்கலானதில்லை, தொடுதலுக்கும் சிக்கலானது. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் பலருக்கு மார்பு முழுக்கவே முடிச்சு முடிச்சாக இருக்கும். இருபதுகளில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பான்மை ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுவான கட்டி. ரப்பர் மாதிரி கெட்டியாக, விரலுக்கு அடியில் நழுவி ஓடும். நீர்க்கட்டிகூட இறுக்கமாக நிறைந்திருந்தால் கல் மாதிரி தெரியும். கருவிக்கு இவை எல்லாமே ‘கடினம்’தான். மறுபக்கம், இளம்பெண்களுக்கு வரும் சில தீவிரமான புற்றுக்கட்டிகள் ஓரம் சீராக, உருண்டையாக, பார்ப்பதற்கு ஃபைப்ரோஅடினோமா போலவே இருக்கும். சில வகைப் புற்று கெட்டியாகாமல் மென்மையாகவே இருக்கும். பால்குழாய்க்கு உள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்பநிலைப் புற்று, மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகளாக மட்டும் தெரியக்கூடியது, பல சமயம் கைக்கே எட்டாது. அழுத்திப் பார்க்கும் கருவியிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. விலா எலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கும் சிறு கட்டியும் அப்படியே.

2022-இல் நைஜீரியாவில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. ஏற்கெனவே தொந்தரவு உள்ள பெண்களையும் ஆபத்து அதிகமுள்ள பெண்களையும் ஐபிரெஸ்ட்எக்ஸாம் கருவியாலும் கையாலும் தனித்தனியே பரிசோதித்துப் பார்த்தார்கள். மொத்தக் கட்டிகளைக் கணக்கெடுத்தால் கையைவிடக் கருவி அதிகம் கண்டுபிடித்தது. சந்தேகத்துக்குரிய கட்டிகளை மட்டும் எடுத்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் ஒன்றுமில்லாதவர்களிடம் ‘இருக்கிறது’ என்று சொன்னதில் கருவி கையைவிட மிகவும் அதிகம். அதுவும் அது கட்டி இருக்க வாய்ப்புள்ள பெண்களிடம் நடந்த ஆய்வு. எந்தத் தொந்தரவும் இல்லாத இளம்பெண்கள் கூட்டத்தில் அதன் விளைவு என்னவாகும் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பேச்சுக்கு, ஒரு ஒன்றியத்தில் 25 முதல் 39 வயது வரை 5,000 பெண்களை முகாம்களில் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதில், அந்த நேரத்தில், அவர்களில் இரண்டு பேருக்குப் புற்று இருக்கிறது என்று கொள்வோம். கருவி நூற்றுக்குப் பத்துப் பேரிடம் மட்டும் தவறாக ‘இருக்கிறது’ என்று சொன்னாலும் 500 பெண்கள் கையில் சிவப்புப் புள்ளி போட்ட ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போவார்கள். அந்த 500 பேரோடு கலந்து நிற்கும் இரண்டு பேர் யார் என்று தெரிய வேண்டுமானால் எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் ஒரு நாளைக்குப் பத்து மார்பக ஸ்கேன் என்று ஒதுக்கினால், 50 வேலைநாள். அதற்குள் எத்தனை பேருக்குத் தூக்கம் போகும், எத்தனை வீட்டில் ‘இவளுக்குக் கட்டியாமே’ என்று பேச்சு கிளம்பும், கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் எந்தத் திரையிலும் வராது. இன்னொரு கொடுமை, அந்த இரண்டு பேரும் இதே வரிசையில்தான் நிற்பார்கள்.

கையால் பார்ப்பதைப் பற்றி நம் நாட்டிலேயே பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்கள். அவர்களில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்து, மற்றப் பாதியோடு ஒப்பிட்டார்கள். 2021-இல் முடிவு வெளியானது. நோய் முன்னதாகவே, சிறிய நிலையிலேயே பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றால் வரும் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. மிஷின் இல்லை, மின்சாரம் இல்லை, பயிற்சி பெற்ற விரல்கள் மட்டும். ஆனால் 50-க்குக் கீழே மரணம் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. எல்லோரும் கடந்துபோகும் வரி இது. பயிற்சி பெற்ற கையாலேயே இளவயதில் காட்ட முடியாத பலனைக் கருவி காட்டுகிறது என்று யாராவது சொன்னால், அதே அளவுக்குப் பெரிய ஆய்வைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. சீனாவின் ஷாங்காயில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பஞ்சாலைப் பெண் தொழிலாளர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் சுயபரிசோதனை கற்றுக்கொடுத்துப் பத்தாண்டு பார்த்தார்கள். 2002-இல் வந்த முடிவில் மரணம் குறையவில்லை. சாதுவான கட்டிகளுக்கான பயாப்சிதான் அதிகமாகியிருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் தொட்டே பார்க்க வேண்டாமா என்று கேட்காதீர்கள். நம் ஊரில் பிரச்சினை வேறு மாதிரி இருக்கிறது. 2022-க்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று வந்தது, சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், மார்பகப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்ட இந்தியப் பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இங்கே பெண்களைக் கொல்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கட்டி இல்லை, தெரிந்தும் சொல்லாமல் வைத்திருந்த கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கும். வலி இல்லையே என்று விட்டிருப்பார்கள். வலிக்காத கட்டிதான் கவலைக்குரியது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆண் டாக்டரிடம் ரவிக்கையை எப்படிக் கழற்றுவது என்ற கூச்சம். அப்புறம் நம் டெல்டாவுக்கே உரிய தவணைகள்: நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும், தை பிறக்கட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டலில், பெண் முதன்முதலாக மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் என்னவென்று உறுதியாகிவிட வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. ஒரு குறுவைப் பயிர் விளைய எடுக்கும் காலத்தைவிடக் குறைவு. இங்கே பலருக்கு முதல் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அது கழிந்துவிடுகிறது.

அந்த இடத்தில்தான் முகாமுக்கும் கருவிக்கும் மதிப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். மகளிர் குழுக் கூட்டத்தில், பெண் செவிலியர், திரை போட்ட அறை, ‘மிஷின் வந்திருக்கிறது’ என்ற ஒரு சாக்கு. அந்தச் சாக்கில் உள்ளே வரும் 45 வயது அக்கா, ஆறு மாதமாக மறைத்துவைத்திருந்ததை நர்சம்மாவிடம் வாய்திறந்து சொல்லிவிடுவார். கருவி காட்டாவிட்டாலும் அவர் சொல்லிவிடுவார். அதற்காகவே முகாம் நடக்கலாம்.

தொடுதலைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல ஆசை. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரத்து மகப்பேறு மருத்துவர் ஃபிராங்க் ஹாஃப்மன், பார்வையற்ற பெண்களின் விரல்நுனி நுணுக்கத்தை மார்பகப் பரிசோதனைக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு திட்டம் தொடங்கினார். பிரெய்ல் குறியிட்ட ஒட்டுப்பட்டைகளை மார்பில் ஒட்டி, கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு சென்டிமீட்டராக, மேலாக, நடுவாக, ஆழமாக என்று அழுத்தம் மாற்றிப் பார்ப்பார்கள். ஒருவரைப் பார்க்க அரை மணி நேரத்துக்கும் மேலாகும். டெல்லியிலும் பெங்களூரிலும் அந்தப் பயிற்சி வந்துவிட்டது. தஞ்சாவூரில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்து முடிக்கும் பெண்களுக்கு இந்தப் பயிற்சியும் அரசு மருத்துவமனையில் ஒரு வேலையும் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கருவி வாங்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவழித்தால் வீண்போகாது. அவசரமாக மூன்று நிமிடத்தில் தடவிப் பார்த்து அனுப்பும் பரிசோதனைக்கும், அந்தப் பொறுமைக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

முகாம் நடத்துபவர்களிடம் உங்கள் குழுத் தலைவி முன்கூட்டியே கேட்க வேண்டியவை சில உண்டு. கருவி ‘இருக்கிறது’ என்று சொன்னால் அன்றைக்கே யாராவது கையால் மறுபடி பார்ப்பார்களா? ஸ்கேன் எங்கே, எந்தத் தேதியில், யார் செலவில்? ஸ்கேனில் சந்தேகம் என்றால் பயாப்சி எங்கே? போகாமல் விட்டவர்களை யார் போனில் கூப்பிடுவார்கள்? இதற்குப் பெயரும் தேதியுமாகப் பதில் வந்தால் நல்ல முகாம். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால், கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதில் சேராமல் இருப்பதே மேல். படமும் பெயரும் செல்போன் செயலியில் ஏறுகிறது என்பதால் அந்தத் தகவல் யாரிடம் இருக்கும் என்பதையும் கேளுங்கள். தயங்க வேண்டாம். வெப்பப் படம் எடுத்துப் புற்றைக் கண்டுபிடிக்கும் முகாம்களும் நடக்கின்றன. அது வேறு தொழில்நுட்பம். ஆனால் இதே கேள்விகள் அதற்கும் பொருந்தும்.

குழுவில் 30 வயது தாண்டியவர்களுக்கு இன்னொரு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றாநோய்ப் பரிசோதனையோடு மார்பகத்தையும் கையால் பார்ப்பார்கள், கர்ப்பப்பை வாய்க்கும் சேர்த்து. காசு இல்லை. 40 தாண்டியவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் மேமோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது. கருவியில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அதை விட்டுவிட வேண்டாம். 30-க்குக் கீழே, குடும்பத்தில் யாருக்கும் இல்லாத, எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களுக்கு இந்தக் கருவிப் பரிசோதனை தேவையில்லை என்பது என் கருத்து. அவர்கள் தங்கள் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருந்தால் போதும். மாதவிலக்கு தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில், சோப்புக் கையோடு குளிக்கும்போது, விரலின் நுனியால் அல்லாமல் நடு மூன்று விரல்களின் சதைப்பற்றான பகுதியால் அழுத்திப் பார்க்கலாம். புதிய கட்டி, தோலில் குழி, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர், ஆறாத புண், அக்குளில் நெறி: இவற்றில் எது வந்தாலும் அன்றிலிருந்து அது ‘ஸ்கிரீனிங்’, அதாவது தொந்தரவு இல்லாதவர்களுக்குச் செய்யும் முன்கூட்டிய பரிசோதனை, சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. நேரே மருத்துவமனை. அப்படித் தொந்தரவு உள்ள பெண்ணிடம் கருவி ‘ஒன்றுமில்லை’ என்று காட்டினால், அந்த விடையை ஏற்கவே கூடாது. இந்தக் கருவியால் நடக்கக்கூடிய மிகப் பெரிய தீங்கு அந்தப் பொய்யான நிம்மதிதான்.

கட்டி என்று தெரிந்ததும் உள்ளூரில் சின்ன ஆபரேஷனாக அறுத்து எடுத்துவிட்டு, எடுத்ததைப் பரிசோதனைக்குக்கூட அனுப்பாமல் தூக்கிப்போடும் பழக்கம் இன்னும் அங்கங்கே இருக்கிறது. அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் மருத்துவர் கை, பிறகு ஸ்கேன் அல்லது மேமோகிராம், சந்தேகம் இருந்தால் ஊசி பயாப்சி. இந்த வரிசையில்தான் போக வேண்டும். புற்று என்று உறுதியானால் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, நீங்கள். குழுவில் மற்றவர்களுக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. பெற்ற அம்மாவுக்கு 43 வயதில் வந்திருப்பதால் நீங்களும் தங்கையும் சாதாரண ஆபத்துக் கணக்கில் சேர மாட்டீர்கள். அம்மாவுக்கு வந்த வயதிலிருந்து பத்தைக் கழித்தால் 33. அந்த வயதுக்குள் வருடாந்திரப் படப் பரிசோதனையை ஆரம்பித்துவிட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. மேமோகிராமா, எம்.ஆர்.ஐ.யா, கூடவே அல்ட்ராசவுண்டா என்பதை உங்கள் மார்பின் தன்மையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். அதுவரை வருடம் ஒருமுறை மருத்துவர் கையால் பார்க்கட்டும். முகாமில் கருவியை வைத்துப் பார்த்துக்கொள்வதால் உங்களுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதை இந்த ஆண்டின் பரிசோதனையாகக் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

மரபணுப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். 50 வயதுக்குள் மார்பகப் புற்று வந்தவருக்கு பி.ஆர்.சி.ஏ. முதலான, மாற்றம் இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றின் ஆபத்தைக் கூட்டும் மரபணுக்களைப் பார்ப்பது நல்லது. முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் அம்மா. அவரிடம் மாற்றம் எதுவும் இருந்தால்தான் அதே மாற்றம் உங்களுக்கும் தங்கைக்கும் வந்திருக்கிறதா என்று தேடுவதில் பொருள் இருக்கும். ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவிடம் மாற்றம் இருந்து, உங்களிடமும் இருந்தால், பரிசோதனை முறையே மாறும். 25 வயதிலிருந்தே வருடாவருடம் எம்.ஆர்.ஐ., 30-லிருந்து மேமோகிராமும் சேர்த்து என்று போகும். மரபணு அப்பா வழியிலும் வரும் என்பதால், இரண்டு பக்கத்திலும் அத்தை, சித்தி, பாட்டி யாருக்காவது மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்ததா, எந்த வயதில் என்று விசாரித்து எழுதிவையுங்கள். நம் வீடுகளில் ‘வயித்துல கட்டி வந்து போயிட்டாங்க’ என்று மட்டும் சொல்வார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால்தான் எந்தக் கட்டி என்று தெரியவரும். ஆண்களில் யாருக்காவது மார்பகப் புற்று இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

அம்மாவின் பழைய ஃபைலைத் தேடி எடுங்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரி இருக்கும். முதல் இரண்டும் புற்றுச் செல்லில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள், மூன்றாவது ஒரு புரதம். மூன்றும் நெகட்டிவ் என்று இருந்தால் மரபணுப் பரிசோதனைக்கு அதுவே இன்னொரு காரணம். தங்கையை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும்போது அந்த ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். பதிவு செய்யும் இடத்திலேயே அம்மாவுக்கு 43-இல் வந்தது என்று சொல்லிவிடுங்கள். கட்டி இருக்கும் இடத்தைத் தங்கையே விரலால் தொட்டு ஸ்கேன் எடுப்பவருக்குக் காட்டட்டும்.